ஸ்டெல்லா அக்கா விட்டுச்சென்ற சிவப்பு வரி

மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: ஸ்டெல்லா விடியற்காலையில் தவறிவிட்டார். அடுத்த வாய்க்காகக் காத்திருந்த குழந்தை என் முழங்கையைத் தட்டும்வரை நான் அசையவில்லை.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வந்தவர். இந்த அலுவலகத்தில் உடன் வேலை செய்த நமக்கு அவரைத் தெரியும். அவர் வேலையின் அருமை எத்தனை பேருக்குத் தெரியுமோ. நாம் நிரல் எழுதும் கணினி மொழியோடு சேர்ந்தே வரும் ஆயத்த நிரல்களின் நூலகத்தில், தமிழ் போன்ற மொழிகளின் யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் இடத்தில் இருந்த பிழைகளைத் திருத்தி வந்தார். நீளமான பெயரை இரண்டு வரியாக உடைக்கச் சொன்னால், அந்த நிரல் எழுத்தையே உடைத்துவிடும். எழுத்து ஒரு வரியிலும் அதன் கொம்பும் காலும் அடுத்த வரியிலுமாகப் போய் விழும்.

சோதித்துப் பார்க்க அவர் ஏ, பி, சி என்று போட்டதே இல்லை. "வீட்டு ஆளுங்க பேரைப் போடு. தப்பா வந்தா உனக்கு வலிக்கணும்" என்பார். அப்படித்தான் என் மகள் கோதையின் பெயர் அந்தச் சோதனைகளில் ஏறியது.

ஒருநாள் குழந்தைகள் காப்பகத்திலிருந்து அழைத்தார்கள். கோதைக்குக் காய்ச்சல். அன்றே நான் முடிக்க வேண்டிய திருத்தத்தில் ஒரு சோதனை மட்டும் தேறாமல் திரையில் சிவப்பாக நின்றது. நிரலைச் சரிசெய்ய நேரமில்லை. சோதனையில் குறித்திருந்த, வர வேண்டிய விடையை அழித்துவிட்டு, வந்துகொண்டிருந்த தப்பான விடையையே சரியென்று எழுதினேன். பச்சையாயிற்று. பையை எடுத்தேன்.

அக்கா பார்த்துவிட்டார்.

"ஏம்மா, கோட்ல ஒரு வரிகூட மாறலயே. எப்படிப் பச்சையாச்சு?"

"பாப்பாவுக்கு ஜுரம்க்கா. போகணும்."

"அவ ஜுரத்தையும் தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணில முக்கித்தான் இறக்குவியா?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவரே பழைய விடையைத் திரும்ப எழுதினார். திரை மறுபடி சிவந்தது.

"இப்படியே விட்டுட்டுக் கிளம்பு. சிவப்பா இருந்தா யாராவது வந்து பார்ப்பாங்க. பச்சையாக்கிட்டா யாரு திரும்பிப் பார்ப்பா?"

மறுநாள் நான் வருவதற்குள் அதை அவரே சரிசெய்திருந்தார்.

தன் விஷயத்தில் மட்டும் அவர் அப்படி இல்லை. மெலிந்துகொண்டே வந்தார். படியேறும்போது நடுவில் நின்றார். "உடம்பு எப்படிக்கா?" என்றால், "எல்லாம் பச்சைதான், போய் வேலையப் பாரு" என்பார். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அவர்மேல் கோபமாக இருக்கிறது என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அவர் முடிக்காத கடைசித் திருத்தம் என்னிடம் வந்தது. ஒரே ஒரு சோதனை சிவப்பு. அதில் கோதையின் பெயர் இருந்தது. மூன்று நாள் முட்டிப் பார்த்தேன். யார் வேலை எதுவரை வந்தது என்று கேட்கும் அலுவலகக் கூட்டத்தில் என் முறை வந்ததும், 'நாளைக்கு முடிஞ்சிடும்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "என்னால முடியல. யாராவது கூட உட்காருங்க" என்றேன். இரண்டு பேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். மாலையில் என் மகளின் பெயர் உடையாமல் நின்றது.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: முடியாததை முடியவில்லை என்று சொல்வது. அவர் தன் உடம்பைப் பற்றிச் சொல்லாமல் போனதையும் சேர்த்து.