கடைசி நிறுத்தத்திலும் இறங்காதவள்

பேருந்தில் அவள் குரலுக்கு மிஞ்சிய குரல் இல்லை. படியில் தொங்குகிறவனை அதட்டி மேலே ஏற்றுவதும், "உள்ள போங்க, உள்ள என்ன பாம்பா படுத்திருக்கு?" என்று கூட்டத்தை நகர்த்துவதும் அவளுக்குக் கைவந்த கலை. பையையும் விசிலையும் டிப்போவில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் கண்டக்டரம்மாவுக்கு வாயடைத்துப் போகும். வீட்டில் சிட்டு இருந்தாள்.

சிட்டு அவளுடைய ஒரே மகள். பிறந்தபோதே டவுன் சிண்ட்ரோம் என்று சொல்லிவிட்டார்கள். நடையும் பேச்சும் தாமதமாகத்தான் வந்தன. ஆனால் சிறப்புப் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் பிள்ளை வாய் ஓயாமல் பேசினாள். பதினாறு வயது முடிந்ததும் பள்ளியும் முடிந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பரிசுக் கோப்பையைக் கொடுத்து, கைதட்டி அனுப்பிவைத்தார்கள். இனிமேல் என்ன என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் சிட்டு சீருடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் வேனுக்காக நின்றாள். அதற்கடுத்த நாளும் நின்றாள். பள்ளி முடிந்துவிட்டது என்று அம்மா எப்படிச் சொன்னாலும் அது அவள் காதில் ஏறவில்லை. பல வாரம் அப்படி நின்றவள், ஒரு காலையில் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பேச்சு நின்றது. சோறு குறைந்தது. புருவ முடியை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டாள். அப்பாவுக்கு மில்லில் இரவு வேலை, பகலெல்லாம் தூக்கம். ஒரே அறையில் அவர் குறட்டை விட, மகள் சுவரைப் பார்த்தபடி கிடப்பாள்.

ஆஸ்பத்திரியில் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதினார்கள். அங்கே இருந்த ஆலோசகர் சின்னப் பெண், ஆனால் பொறுமைசாலி. என்ன ஆச்சு என்று கேட்டால் இந்தப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வராது, வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிக் கதை சொல்லுங்கள், அடுத்து என்ன நடக்கிறது என்று அவளையே சொல்லவிடுங்கள், உள்ளே இருப்பது அந்த வழியாக வெளியே வரும் என்றாள்.

கண்டக்டரம்மாவுக்குத் தெரிந்த கதையெல்லாம் பஸ் கதைதான். கோழியைப் பைக்குள் ஒளித்து ஏறியவர், சண்டை போட்டுக்கொண்டே ஒரே சீட்டில் வந்த மாமியாரும் மருமகளும் என்று சாயங்காலந்தோறும் சொல்லிப் பார்த்தாள். சிட்டு திரும்பவே இல்லை. ஒருநாள், பச்சைச் சட்டை போட்ட பெண் ஒருத்தி தனியாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள் என்று ஆரம்பித்தாள். சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"எங்க இறங்குவா?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு மகள் பேசிய பேச்சு. அம்மா கட்டிலோரம் வந்து குனிந்தாள். "நீயே சொல்லு" என்றாள்.

"இறங்கல."

அன்றிலிருந்து பச்சைச் சட்டைக்காரி தினமும் பஸ்ஸில் வந்தாள். மார்க்கெட்டில் இறங்கட்டுமா என்று அம்மா கேட்பாள், அங்கே கூட்டம் என்பாள் சிட்டு. பள்ளிக்கூடத்தில்? கேட்டில் பூட்டு. பொறுக்க முடியாமல் ஒருநாள், கடைசி நிறுத்தத்தில் அவளுடைய சிநேகிதி காத்துக்கொண்டு நின்றாள் என்று முடிக்கப் பார்த்தாள். சிட்டு எழுந்து அம்மாவின் வாயைப் பொத்தினாள். "பொய்" என்றாள்.

பொய்யை மெய்யாக்க அம்மா அலையாத இடமில்லை. ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் இடம் இல்லை. இன்னொன்றில் சேர்த்துக்கொண்டார்கள், அழுகிறாள் என்று ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பினார்கள். பள்ளியில் சிட்டுவோடு கைகோத்துத் திரிந்த பெண்ணின் வீட்டுக்குப் போன் செய்தாள். அந்தத் தாய் தன் மகளும் அப்படித்தான் கிடக்கிறாள் என்றாள். "கூட்டிட்டு வராதீங்கக்கா. பாத்துட்டுப் பிரிஞ்சா எம்பிள்ள தாங்க மாட்டா." இதற்குள் ஆலோசகரின் ஒப்பந்தமும் முடிந்து அவள் போய்விட்டாள். புதிதாக வந்தவருக்கு மாத்திரைச் சீட்டுக்கு மேல் நேரமில்லை.

ஒரு சாயங்காலம் சிட்டு தானாகவே கதையைத் தொடங்கினாள். "கண்டக்டர் விசில் அடிச்சா. எல்லாரும் இறங்கிட்டாங்க. பச்சைச் சட்டை மட்டும் இருக்கா. கண்டக்டர் அவளப் பாக்கல."

அம்மா மகளை ஒட்டி உட்கார்ந்தாள். "பாத்தா கண்ணு. பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டா."

"டூட்டி?"

"முடிஞ்சிருச்சு."

"நாளைக்கு?"

இல்லை என்று சொல்ல நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் அன்று பொய் என்று வாயைப் பொத்திய மகளின் கை அம்மாவின் மடியில்தான் கிடந்தது. "இருக்கு" என்றாள். சிட்டு தலையை ஆட்டிவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வருஷம் ஒன்று ஓடிவிட்டது. மாத்திரை கூடியிருக்கிறது, புருவம் முளைக்கவில்லை. பசிக்கிறதா என்று கேட்டால் சிட்டு பதில் சொல்வதில்லை. பச்சைச் சட்டைக்குப் பசிக்கிறதா என்று கேட்டால் சில நாள் "ம்" என்பாள். நாலு கவளம் இறங்கும். சில நாள் அதுவும் இல்லை.

ஒருநாள் அப்பா வேலைக்குக் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டு, இதைக் கேட்டபடி நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "நமக்கப்புறம் அவகிட்ட யாரு இப்படிக் கேப்பா?"

கண்டக்டரம்மா எழுந்தாள். மீந்த சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.