காதை மூடாத வயர்லெஸ் பெட்டி

மஸ்கட்டில் இருந்தாலும் சதுரங்கப்பட்டினத்துக் காற்றின் வேகத்தைக் கைபேசியில் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. அக்கா கணவர் கண்ணாயிரம் மாமா அங்கே ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். போன விடுமுறையில் அவர் வீட்டில்தான் ஷாரோனைப் பார்த்தேன்.

கூடுவாஞ்சேரிப் பெண். அப்பா ஜான்சன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வயர்லெஸ் பெட்டி செய்யும் சிறு நிறுவனமொன்றில் இவள் சிப் வடிவமைக்கிறாள். அந்தச் சிப்புக்குள் இருக்கும் சுற்றை மென்பொருள்போல அழித்து எழுதலாம். ஒரே பெட்டி, பொதுச் சேனலுக்கு ஒரு சுற்றாகவும் ரகசியச் சேனலுக்கு வேறு சுற்றாகவும் மாறிக்கொள்ளும். சோதனைக்காக மாமா படகில் ஒன்றை மாட்டியிருந்தாள்.

மாமா அதைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார்.

"இன்னாம்மா பெட்டி இது? பக்கத்து போட்டு என்ஜின் நின்னு போயி கத்திகினு கீறான். இது செவிடாட்டம் கீது. வேற ஒருத்தன் கேட்டதால பொழச்சான். எனக்கு வாணாம்."

"சேனலை எவ்ளோ தடவை மாத்துவீங்கண்ணா?"

"மீனு மாட்டுனா மாத்தாம? எடத்த ஊருக்கே சொல்லவா? எங்க ஆளுங்க மூணு போட்டுக்கு மட்டும் சொல்லிட்டு பொது சேனலுக்கு வந்துருவேன். திரும்ப மாட்டுனா திரும்ப மாத்துவேன்."

ஷாரோன் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரு நடைக்கு ஓரிரு முறைதான் மாற்றுவார்கள் என்று நினைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் சிப் முழுவதும் அழிந்து எழுதப்படும். அந்தச் சில நொடிகள் பெட்டிக்கு எதுவும் கேட்காது.

"தப்பு என்னுதுண்ணா. சரி பண்ணித் தரேன், இன்னொரு தடவை மாட்டிப் பாருங்க."

"அடிக்கடி மாத்த வேணாம்னு இவருகிட்ட சொல்லிடலாமே?" என்றேன்.

"மீன் இருக்கிற எடத்தை ஒளிக்காதீங்கன்னா? நடக்கிற காரியமா சார்!"

சிப்புக்குள் இருந்த சுற்றை இரண்டாகப் பிரித்தாள். ஆபத்து அழைப்பைக் கேட்கும் பகுதி அழியவே அழியாது. மீதி மட்டும் மாறும். சொல்ல எளிது. மாறும் பகுதியின் குப்பைச் சமிக்ஞை கேட்கும் பகுதிக்குள் கசிந்தது. அதை அடைத்தால் இடம் போதவில்லை. மூன்று முறை கலைத்துப் போட்டாள். நான்காவது முறைதான் கசிவும் நின்றது, இடமும் போதியது.

பிறகு அவளே படகில் ஏறினாள். கரையில் சோதனைப் பெட்டியோடு நான். மாமா சேனலை மாற்றிக்கொண்டே இருக்க, நான் ஆபத்து அழைப்பில் விடாமல் கூப்பிட்டேன்.

"கேக்குது மச்சான், ஏன் கத்துற? இந்தப் பொண்ணுதான் வாந்தியெடுத்துகினு கீது!"

கரையேறியதும், முகம் வெளுத்திருந்த அவளிடம் சொன்னார்: "பெட்டி இருக்கட்டும். இன்னும் மூணு குடு, எங்க ஆளுங்களுக்கு."

"மத்தவங்களுக்கு வேணாமாண்ணா?"

"அவுனுங்க கூப்ட்டா நாங்கதான் கேட்டுகினு இருப்போம்ல!"