லண்டனிலிருந்து பதினான்கு மணி நேரம்

நூருலிடம் எந்த ஊரைக் கேட்டாலும் மணி நேரத்தில்தான் பதில் வரும். பினாங்கின் பாயான் லெப்பாஸில் விமானச் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் பதினெட்டு வருட வேலை. பிராங்க்பர்ட்டா, பதின்மூன்று. லண்டனா, பத்தாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், பதினான்கு. பெட்டிக்கு அந்த ஊரில் பகலா இரவா என்ற கவலை ஏது? போய்ச் சேர எத்தனை மணி நேரம், அவ்வளவுதான் கணக்கு.

நேற்றுப் பகல் இரண்டு மணிக்கு அத்தா அப்துல் ரசாக் மவுத்தானார். லண்டனில் இருக்கும் தம்பி ஷஃபீக், "காலைல பதினோரு மணி ஃப்ளைட் கிடைச்சிருச்சுக்கா" என்று செய்தி அனுப்பிவிட்டுக் கிளம்பிவிட்டான். நூருல் விரலைக்கூட மடக்கவில்லை. பதினொன்றும் பதினான்கும் கூட்டினால் இரவு ஒரு மணிக்குக் கோலாலம்பூர், முதல் விமானத்தில் காலை எட்டுக்குப் பினாங்கு. "ஒம்பது மணிக்குத் தூக்கலாம் மாமா, தம்பி வந்துருவான்" என்றாள். அன்றே அடக்கம் செய்ய நின்ற சுல்தான் மாமாவும், மகன் முகம் பார்க்கட்டும் என்று இறங்கி வந்தார்.

காலை எட்டேகால். சுங்கை பினாங் அடுக்குமாடியின் கீழே ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். தம்பியிடமிருந்து போன் வரவில்லை. நூருல் வாசலுக்கும் சன்னலுக்கும் நடந்தாள், மின்தூக்கியை எட்டிப் பார்த்தாள், யார் கேட்டாலும் எரிந்து விழுந்தாள். கடைசியில் கைப்பேசியில் அவன் விமானத்தைத் தேடினாள். அது அந்தமான் கடலுக்கு மேலே ஊர்ந்துகொண்டிருந்தது.

பதினோரு மணி என்றால் லண்டன் பதினொன்று! இங்கே அப்போது இரவு ஏழு. எட்டு மணி நேரத்தை விழுங்கியிருக்கிறாள், அடிப்பாவி.

"மாமா, மத்தியானம் லுஹர் தொழுகை வரைக்கும் வச்சிருங்க. என் கணக்குத் தப்பாயிருச்சு."

"ஒரு ராத்திரி வச்சாச்சு. இதுக்கு மேல மய்யித்தக் காக்க வைக்கக் கூடாதும்மா. கபுறும் வெட்டியாச்சு."

"நாலு மணி நேரம்தான் லா மாமா!"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா சபூரா மகளின் முகத்தைப் பார்த்தார், பிறகு கணவரின் முகத்தை. "தூக்குங்க அண்ணே" என்றார். நூருல் அம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அம்மா கையை விடுவித்துக்கொள்ளவில்லை, சொன்னதை மாற்றவும் இல்லை. சொன்னபடி ஒன்பது மணிக்கு ஜனாஸா கிளம்பியது.

ஒன்பதரைக்குப் போன் அடித்தது.

"அக்கா, கேஎல்ல எறங்கிட்டேன். பன்னண்டுக்குள்ள வீட்டுல இருப்பேன். லுஹருக்குத்தானே?"

"தூக்கிட்டாங்கடா தம்பி. நான்தான் நேரத்தத் தப்பாச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிருடா."

திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அக்கா, அத்தா முகம் எப்படி இருந்துச்சு? நீ சொல்லு."

"மீசைய அவரே கத்தரிச்சிருப்பாரு போல, எடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு" என்று ஆரம்பித்தாள்.