திகதி இல்லாத வாழ்த்து

தொலைபேசியை வைத்துவிட்டுத் தனுஷிகா திரும்பியபோது, அப்பா ஞானசுந்தரம் வெங்காயம் உரித்த கையோடு நின்றார். பிரெஞ்சில் கேட்டதை அவள் தமிழில் சொன்னாள். மச்சான் பிருந்தனை மொன்றியல் உதைபந்தாட்டக் கழகம் மூன்று கிழமை பயிற்சிக்கு எடுக்கிறது. முடிவில், ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யில் ஒரு பயிற்சி ஆட்டம். அதைப் பார்த்த பிறகுதான் ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று சொல்வார்கள்.

“அப்ப எடுத்திட்டினம்,” என்றார் அப்பா.

“இல்லையப்பா. பாக்கப் போயினம்.”

“வேண்டாத பொம்பிளையை மூண்டு கிழமைக்கு ஆரும் போய்ப் பாப்பினமோ? முதல் நாளே பலகாரத்தைத் திண்டிட்டுப் போயிடுவாங்கள்.” கையைக் கழுவிக்கொண்டே அடுத்ததைச் சொன்னார். “நீதானே தமிழில ரைப் பண்ணுவாய். பேப்பருக்கு ஒரு வாழ்த்து அடிச்சுத் தா, பிள்ளை.”

அவள் மறுபடியும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடித்துக் கொடுத்தாள்.

பிருந்தன் ஞானசுந்தரத்தின் தங்கை செல்வமலரின் ஒரே மகன். பாரிஸ் புறநகரில் பிறந்தவன். பன்னிரண்டு வயதில் ஒரு கழகத்தின் பயிற்சிப் பள்ளி அவனைத் தேர்ந்தெடுத்தது. பத்தொன்பது வயதில் தொழில்முறை ஒப்பந்தம்; முன்கள வீரன். இரண்டு பருவங்களில் பதினொரு ஆட்டங்கள், எல்லாமே கடைசி இருபது நிமிடத்துக்கு இறக்கிவிடப்பட்டவை. ஒரே ஒரு கோல். பிறகு இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை. காயம் ஆறிய கையோடு கழகம் அவனை விட்டுவிட்டது. அன்றிலிருந்து செல்வமலர் கல்யாணவீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். போனால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: மகன் இப்ப எங்க விளையாடுறார்?

2007 வசந்தத்தில் அவன் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மாமா ஞானசுந்தரத்தின் இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ஒரு பெட்டி, இரண்டு சோடி விளையாட்டுச் சப்பாத்து.

பயிற்சியின் மூன்றாம் கிழமை, வியாழக்கிழமை, வாழ்த்து வெளிவந்தது. அரைப்பக்கம். ‘மொன்றியல் கழகத்தின் முன்கள வீரராக ஒப்பந்தமாகியுள்ள செல்வன் விமலநாதன் பிருந்தன்’ என்று பெரிய எழுத்து. கீழே சனிக்கிழமை ஆட்டத்தின் நேரமும் இடமும், அனைவரும் வருக. கடைக்காரர் சிவநேசம் பத்திரிகையைக் காட்டி அவனுக்கு ஆறு இறைச்சி றோல்ஸைச் சும்மா கட்டிக் கொடுத்தபோதுதான் பிருந்தனுக்கே விஷயம் தெரிந்தது.

“கையெழுத்து வைக்க முந்தியே வாழ்த்தோ, மாமா?” என்று மட்டும் கேட்டான்.

நல்ல காரியத்தை முந்திச் சொன்னால் குற்றமா என்றார் மாமா. தான்தான் அடித்துக் கொடுத்ததாகத் தனுஷிகா மெல்லச் சொன்னாள். அவன் பத்திரிகையை மடித்துத் தன் பெட்டிக்குள் வைத்தான். தனுஷிகா பாரிஸிலிருக்கும் செல்வமலர் மாமியை நினைத்தாள். சனிக்கிழமை அவன் தோற்றால் அந்தப் பத்திரிகைப் பக்கம் எப்படியும் பாரிஸுக்குப் போய்ச் சேரும். பொய்யான வாழ்த்தோடு மாமி எந்த முகத்தை வைத்துக்கொண்டு வெளியே இறங்குவாள்?

சனிக்கிழமை மெத்ரோ ரயிலின் மஞ்சள் தடத்தில் ஏறி இருநூறு பேருக்குக் குறையாமல் லொங்குய்க்கு வந்தார்கள். மடிப்புக் கதிரை, தேநீர்ப் போத்தல், குழந்தை வண்டில். வழக்கமாக நாலைந்து பேர் பார்க்கும் ஆட்டம் அது. இவர்கள் யார் என்று பயிற்சியாளர் கேட்டார். சொந்தக்காரர் என்றான் பிருந்தன். எல்லோருமா என்று அவர் திரும்பக் கேட்டார். எல்லோரும்தான் என்றான்.

முதற்பாதியில் அவன் கால் அவன் சொல் கேட்கவில்லை. வெறும் கோலுக்கு முன்னால் வந்த பந்தை மேலே தூக்கி அடித்தான். திருகோணமலையில் ஒருகாலத்தில் கோல் காத்த எமிலியானுஸ் கதிரையில் இருந்தபடியே குரல் கொடுத்தார். “தம்பி, பந்து இஞ்ச கிடக்கு. பாரிஸில தேடாதையும்.” எல்லோரும் சிரித்தார்கள். பிருந்தனும் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவன் தோளின் விறைப்பு இறங்கியதைத் தனுஷிகா கண்டாள்.

இரண்டாம் பாதியில் இடப்பக்கமிருந்து தாழ்வாக ஒரு பந்து வந்தது. மற்றவர்கள் முன்னுக்கு ஓட, அவன் அரை அடி பின்னுக்கு வந்தான். தடுப்பவன் ஏமாந்து தாண்டிப் போனான். வெட்டித் தைத்த அதே இடது காலால் அடித்தான். வலை குலுங்கியது. பத்து நிமிடம் கழித்துக் கோல் காப்பாளர் தட்டிவிட்ட பந்தைத் தலையால் முட்டி உள்ளே அனுப்பினான். ஞானசுந்தரம் கைதட்ட மறந்து, பக்கத்திலிருந்தவருக்குத் தான் முதலே எழுதினதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தப் பருவத்தில் பிருந்தன் ஒன்பது கோல் அடித்தான். அடுத்த பருவத்தில் பதின்மூன்று. அவன் பெயர் எழுதிய சட்டைகள் பார்க் எக்ஸ்டென்ஷன் தெருக்களில் நடமாடத் தொடங்கின.

அந்தத் திங்கட்கிழமை மாலை, பேனா மை இன்னும் விரலில் இருக்க, அவன் அந்தப் பத்திரிகையோடு தனுஷிகாவிடம் வந்தான். மேசையில் விரித்து, பக்கத்தின் மேல் ஓரத்தில், வியாழக்கிழமைத் திகதியின் மேல் விரலை வைத்தான்.

“இதை அம்மாவுக்கு அனுப்பவேணும், மச்சாள்,” என்றான். “ஒரு உதவி செய்வீரோ? திகதி இருக்கிற இந்தக் கரையை மட்டும் வெட்டிவிடும்.”