மலையைத் தாண்டிய காற்று

என் தங்கை ராஜமேரி காற்றைக் கணக்குப் போடுகிறவள். எங்கள் ஊர் நல்லம்பள்ளியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன? பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில், ஒரு நாள் காலையில் அளந்த காற்று, ஈரம், வெப்பம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிடம் கொடுப்பாள். மறுநாள் வானம் எப்படியிருக்கும் என்று அது கணக்கிட்டுச் சொல்லும்.

அவள் எடுத்துக்கொண்டது எண்பத்தொன்றாம் வருஷத்து ஐப்பசியில் ஒரு நாள். அன்று எங்கள் ஊரில் ஒரு தூறல்கூட இல்லை. ஊருக்குக் கிழக்கே வத்தல்மலையில் பெய்த மழை ஓடையில் இறங்கி, மாடு கழுவிக்கொண்டிருந்த எங்கள் தம்பி கஸ்பாரை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதை முன்னாலேயே தெரிந்துகொண்டிருக்க முடியுமா? அவளுடைய ஆராய்ச்சியே அதுதான்.

அந்த நாளின் கணக்கை எத்தனை முறை ஓட்டினாலும், ஓடை பிறக்கும் சரிவில் கம்ப்யூட்டர் மழையே காட்டவில்லை. எண்பத்தாறில், அதை ஓட்ட இன்னும் ஒரே ஒரு தடவைதான் அனுமதி என்று ஆராய்ச்சிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். லீவுக்கு வந்தவள் மொட்டைமாடியில் காகிதங்களை விரித்துப்போட்டு, சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏண்டி, காயிதத்தையே மொறச்சிக்கிட்டு கெடக்கற? மலை அங்க நிக்குது, அதப் பாரேன்."

பார்த்தாள். திரும்பக் காகிதத்தைப் பார்த்தாள். "அக்கா, இது மூவாயிரம் மீட்டர் ஒசரம் இருக்குமா?" என்று கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். பழைய சர்வே வரைபடத்தில் அடிக்கணக்கில் இருந்த உயரத்தை அப்படியே மீட்டராகக் கொடுத்திருக்கிறாள். கம்ப்யூட்டருக்குள் எங்கள் மலை மூன்று பங்கு வளர்ந்து நின்று, கிழக்குக் காற்றை அந்தப் பக்கமே மறித்துவிட்டது.

உயரத்தைத் திருத்தி ஓட்டிய கடைசித் தடவைக்கு நானும் கூடப் பெங்களூர் போனேன். அச்சு எந்திரம் கடகடவென்று காகிதத்தைத் தள்ளியது. எல்லாம் வெறும் எண்கள். அவள் விரல் வைத்துக் காட்டக் காட்ட எனக்கும் புரிந்தது. இதோ காற்று அடிவாரத்துக்கு வருகிறது, ஏறுகிறது, குளிர்கிறது, உச்சியைத் தாண்டுகிறது. பிற்பகலில் எங்கள் ஓடையின் தலைமாட்டில் மழை கொட்டுகிறது. வத்தல்மலையைக் கண்ணால் கண்டிராத எந்திரம், நாங்கள் யாருமே பார்க்காத அந்த மழையைப் பெய்ய வைத்துவிட்டது. கோயிலில் போலவே எனக்கு முழங்கால் போடத் தோன்றியது. வெட்கப்படாமல் போட்டும்விட்டேன்.

ராஜமேரி நாற்காலியை விட்டு எழவில்லை. ஜெயித்தவள் முகமாகவே அது இல்லை.

"முந்தின நாள் காலைலயே இதெல்லாம் அளந்து வச்சிருந்தாங்கக்கா," என்றாள். "கணக்குப் போடத்தான் ஆளில்ல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா, தம்பி அன்னிக்கு மாட்ட வூட்லயே கழுவியிருப்பான்."