மகனின் படத்தைக் கொண்டுபோன நாள்

எங்கள் வீட்டில் அழுவதற்குத் தடை இருந்தது. நான்தான் போட்டேன். தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஓக்லாந்துக்கு வந்தபோது மூத்தவன் யாழ்ப்பாணத்தில் தங்கிவிட்டான். பள்ளிக்கூடக் கடைசிச் சோதனையான ஏ.எல். எழுதிவிட்டு வருகிறேன் என்றான். என் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். விசா கைக்கு வருமுன், ட்யூஷனுக்குச் சைக்கிளில் போனவனைச் சீருடை போட்டவர்கள் சந்தியில் மறித்து ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆமி முகாமில் போய்க் கேட்டால், அப்படி ஒருவரையும் நாங்கள் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்களாம். நாசமறுவார்.

தங்கச்சி அந்த முகாம் வாசலில் மற்றத் தாய்மாரோடு அவன் படத்தை நெஞ்சில் பிடித்தபடி நின்றாள். எனக்கு இங்கே போய் நிற்க ஒரு வாசலும் இல்லை. விசாவுக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்துச் சட்டம் போட்டு டீவிக்கு மேலே வைத்தேன். சந்தனம் இல்லை, பூ இல்லை, விளக்கு இல்லை. ஊதுபத்தியோடு வந்த ஒரு மனுசியை வாசலோடு திருப்பி அனுப்பினேன். உயிரோடு இருக்கிறவனுக்கு யாராவது ஊதுபத்தி கொளுத்துவார்களா? அழுகையும் அப்படித்தான். இருக்கிறவனுக்காக அழுதால் அது அவனுக்குத்தான் கூடாது. இவர் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவார். எனக்குக் கேட்காது என்று நினைப்பு. மகள் அழவேயில்லை. சொல்வழி கேட்கிற பிள்ளை என்று நானும் பேசாமல் இருந்தேன்.

மகள் ஹைஸ்கூலின் முதல் வகுப்பான மூன்றாம் ஃபோர்முக்குப் போன வருடம் அவளுக்கு ஒரு மாவோரி டீச்சர், இந்த நாட்டுப் பூர்வகுடிச் சனம், வந்து சேர்ந்தா. ஆங்கிலம் படிப்பிக்கிறவ. ஆனால் புத்தகத்தைத் திறப்பதைவிடப் பிள்ளைகளைக் கதை சொல்ல வைப்பதுதான் கூட. நீ படுத்தெழும்புகிற வீடு யாருடைய மண்ணில் நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டு வா, அதைக் கதையாகச் சொல்லு, பிறகு கவிதையாக எழுது என்பா. என்ரை சீமாட்டி அதைக் கேட்டுக்கொண்டு வந்து, வாடகை வாங்க வந்த வீட்டுக்காரனிடம், இந்த மண் உங்களுக்கு முதல் யாருடையது, உங்களுக்கு எப்படி வந்தது என்று வாசலில் வைத்தே கேட்டுவிட்டாள். அந்த மனுசனின் முகம் வெளிறிப் போனது.

"ஹில்ஸ்பரோவிலை இவ்வளவு மலிவா வேறை வீடு எடுக்கேலுமே? வீட்டாலை எழுப்பி விடப்போறான்! கண்டறியாத கவிதை!" என்று கத்தினேன்.

"Mum, it's homework," என்றாள்.

வீட்டுக்காரன் எழுப்பிவிடவில்லை. அடுத்த முறை வாடகை வாங்க வந்தவன் கேற்றடியிலேயே நின்றுகொண்டான்.

அந்தத் தவணை முடிவில் டீச்சர் வகுப்பை மனுகாவ் துறைமுகப் பக்கம் இருந்த ஒரு மராய்க்குக் கூட்டிக்கொண்டு போனா. மராய் என்றால் மாவோரிச் சனத்தின் முற்றமும் மண்டபமும். நல்லது கெட்டது எல்லாம் அங்கேதான். சமையலுக்கு உதவப் பெற்றோர் வேண்டும் என்றார்கள். வேலையில் லீவு சொல்லிவிட்டு நானும் வெளிக்கிட்டேன்.

முதல்நாள் மகள் சொன்னாள்: "அங்கை நாங்கள் தனியப் போறேல்லையாம். எங்கடை ஆக்களையும் கூட்டிக்கொண்டுதான் போறமாம். டீச்சர் சொன்னவ."

எங்கடை ஆக்கள் என்றால் எனக்கு யார்? காலையில் டீவிக்கு மேலிருந்த படத்தை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டேன். மகள் காரடியில் நின்று பார்த்தாள்.

"அம்மா, அதை வையுங்கோ. பிளீஸ்."

"ஏன்? அவன் எங்கடை ஆள் இல்லையே? ஏறு காரிலை."

மராய் வாசலில் பொசுபொசுவென்று மழை தூறிக்கொண்டிருந்தது. பெண்கள் முன்னுக்கு வாருங்கள் என்றார்கள். குளிருக்குச் சேலைக்கு மேலே கோட்டும் போட்டு, படத்தை நெஞ்சோடு அணைத்தபடி நான் முன்வரிசையில் நின்றேன். உள்ளேயிருந்து கறுப்பு உடுத்த ஒரு பெண் குரலெடுத்துக் கூப்பிட்டாள். பாட்டில்லை, பேச்சில்லை, இரண்டுக்கும் இடையில் ஏதோ ஒன்று. சொல் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் எனக்கு உடம்பு சிலிர்த்தது. செத்தவீட்டுப் படலையில் காலை வைக்கிறபோது உள்ளேயிருந்து எழும்புமே, அந்தக் குரல். மெதுவாக நடந்து, நடுமுற்றத்தில் எல்லோரும் தலைகுனிந்து நின்றோம்.

அந்தப் பெண் என் கையிலிருந்த படத்தைக் கண்டாள். கண்டதும் அவளுக்குக் கண்ணீர் ஓடத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் அழுதார்கள். வரிசையாக மூக்கோடு மூக்கு வைத்து வரவேற்கிறபோது, அவள் என் மகனின் கன்னத்தைக் கண்ணாடிக்கு மேலாகத் தடவினாள். பிறகு என் நெற்றியைத் தன் நெற்றியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விம்மினாள். பிள்ளையைப் பிரிந்திருக்கிற தாய் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், எவ்வளவு நல்ல சனம் என்று எனக்கு மனம் நிறைந்துபோனது. என் பின்னால் மகள் விக்கினாள். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டாள்.

மண்டபத்துக்குள் சுவர் முழுக்கப் படங்கள். ஆண்கள், பெண்கள், பட்டாளத்து உடுப்போடு இளம் பெடியன்கள். படத்தை அங்கே வைக்கச் சொல்லிக் கைகாட்டினார்கள். அவர்களுடைய ஆட்களுக்குக் கீழே, சுவரோரமாக, பெருமையோடு வைத்தேன்.

தேத்தண்ணீர் குடித்த பிறகு டீச்சர் பிள்ளைகளை உள்ளே இருத்தி, வீட்டில் எழுதிக்கொண்டு வந்தது ஒரு பக்கம் இருக்கட்டும், இன்று காலை வாசலிலிருந்து இதுவரை உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள் என்றா. நாங்கள் சமையலறைக்குப் போனோம். எனக்குப் பக்கத்தில் நின்று குமரா சீவியவள் மலேசியத் தமிழ்ப் பிள்ளை, மகளின் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாய். குமரா என்றது நம்முடைய வத்தாளங்கிழங்குதான், சர்க்கரைவள்ளி. அவளுடைய மூத்த பெண்ணும் இதே டீச்சரிடம் படித்ததால், போன வருடமும் சமையலுக்கு இங்கே வந்தவளாம்.

இரண்டு கிழங்கு சீவிவிட்டுக் கேட்டாள்: "அக்கா, பையன் எப்போ இறந்தாரு? நீங்க சொல்லவே இல்லையே."

"ஆர் செத்தது?" என்றேன்.

அவள் கையிலிருந்த கிழங்கை வைத்துவிட்டாள். "போட்டோ கொண்டு வந்தீங்களேக்கா... இங்க செத்தவங்க போட்டோதான் கொண்டு வருவாங்க. அந்தச் சுவத்துல இருக்கறவங்க எல்லாருமே செத்தவங்க. உயிரோட இருக்கறவங்களோடத அங்க வைக்கவே மாட்டாங்க."

ஐயோ, என்ரை பிள்ளையை நானே கொண்டுபோய்ச் செத்தவர்களுக்குள் இருத்திவிட்டேனே! தங்கச்சி அங்கே படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது, பிள்ளையைத் தா என்று கேட்க. இங்கே அதே படத்தைப் பிடித்தால், பிள்ளை போய்விட்டான், என்னோடு சேர்ந்து அழுங்கள் என்று அர்த்தமாம். ஈரக்கையோடு மண்டபத்துக்கு ஓடினேன்.

உள்ளே ஒரு வெள்ளைக்காரப் பெடியன் எழும்பி நின்று வாசித்துக்கொண்டிருந்தான். பேசுகிறவருக்குக் குறுக்கே போகக்கூடாது என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். டீச்சர் கையைக் காட்டி என்னை இருத்தினா. படம் எதிர்ச் சுவரோரம். நான் இந்தப் பக்கம், அடுப்பில் வைத்த பானைபோலக் கொதித்துக்கொண்டு.

அந்தப் பெடியனின் தகப்பன்வழி ஊர் புக்கெகோஹி. வெங்காயமும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். தங்கள் தோட்டத்தை யாரோ விற்றார்கள், தங்கள் ஆட்கள் வாங்கினார்கள் என்றுதான் அவன் நினைத்திருந்தானாம். விசாரித்துப் பார்த்தால், அந்த மண்ணில் இருந்தவர்களைத் துரத்திவிட்டு அரசாங்கம் பறித்துக் கொடுத்த நிலமாம். அவன் வாசித்தது நீளமில்லை. "நாங்கள் எடுத்தோம். எடுத்தோம் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. நான் சொல்கிறேன்" என்று முடித்தான். கடதாசியை நாலாக மடித்தான்.

அந்த மராய்க்காரர் ஒருவர் எழும்பினார். "எடுத்தவன் நீயில்லை. ஆனால் எடுத்தோம் என்று சொன்னாய். என் தகப்பன் இதைக் கேட்காமலே போய்விட்டார்" என்றார். போய்ப் பெடியனின் நெற்றியில் நெற்றியை வைத்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது, ஒளிப்பானேன். நாங்கள்தான் பிடித்துக்கொண்டு போனோம் என்று சொல்ல ஒருவன், ஒரேயொருவன் என் முன்னால் வந்து நின்றால் போதும் என்றிருந்தது.

அடுத்து எழும்பியது என் மகள். என்னுடைய ஆங்கிலம் வேலைத்தலத்து ஆங்கிலம். ஆனால் அவள் எழுதியது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

"எங்கள் வீட்டில் ஒருவரும் அழக்கூடாது.
அழுதால் அண்ணாவுக்குக் கூடாது.
பஸ்ஸில் நான் அழவில்லை.
அவனுடைய பிறந்தநாளில் அழவில்லை.
நான் அழாமல் இருப்பதால்தான்
அவன் உயிரோடு இருக்கிறான்.
இன்று காலை வாசலில்
என்னை அறியாமல் அழுதுவிட்டேன்.
அண்ணா,
நான் உன்னைக் கொன்றுவிட்டேனா?"

தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இவளுடைய வயிற்றுக்குள் இப்படி ஒன்று கிடந்ததை நான் அறியவில்லை. சின்னக் கைகளால் அவனுடைய உயிரைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள்!

குறுக்கே போகக்கூடாதாம். போனேன். நடுமண்டபத்தைக் கடந்து போய் அவளைக் கட்டிப்பிடித்தேன்.

"இல்லைப் பிள்ளை. நீ அழுது அவனுக்கு ஒண்டும் ஆகாது. அழு."

"நீங்கள்தானேம்மா சொன்னீங்கள்?"

"ஓம், சொன்னனான். அது எனக்கு. உனக்கில்லை."

அழுதாள். அம்மாடி, என்ன அழுகை! என் கோட்டுத் தோள் நனைந்து ஊறியது. காலையில் எங்களைக் கூப்பிட்ட அந்தப் பெண் வந்து எங்கள் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள். டீச்சரும் அழுதா. நான் அவர்கள் நடுவில் நின்றேன்.

எல்லாம் ஓய்ந்த பிறகு சுவரோரம் போய்ப் படத்தை எடுத்தேன். அவன் உயிரோடு இருக்கிறான், இந்த இடம் அவனுக்கில்லை என்று டீச்சருக்குச் சொன்னேன். டீச்சர் அந்தப் பெண்ணுக்கு அதை எடுத்துச் சொன்னா. அவள் தர்க்கம் பண்ணவில்லை. தலையை ஆட்டி, சட்டத்தில் பட்டிருந்த தன் கண்ணீரைத் தன் உடுப்பாலேயே துடைத்து விட்டாள்.

அதற்குப் பிறகு மகள் நினைத்த நேரம் அழுதாள், அவனைப் பற்றி நிறைய எழுதினாள். இப்போது தன் பிள்ளைகளுக்கு மாமாவின் கதை சொல்கிறபோதும் அழுகிறாள். அழட்டும். இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. அவன் போய்விட்டான் என்று அந்தியேட்டிக் கிரியை செய்யச் சொல்லி எத்தனையோ பேர் வந்து சொல்லிவிட்டார்கள். செய்யவில்லை. அழவுமில்லை. அவன் வந்து கதவைத் தட்டினால் திறக்க ஒருத்தியாவது இருக்கத்தானே வேண்டும்.