கடல் தெரிந்த வாசல்

எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு ஒரு கூப்பிடு தூரம்தான். ஆனாலும் கலியாணமாகி நாயாற்றுக்கு வந்த புதிதில், சமைக்கும் குசினியின் வாசலில் நின்றால் கடல் தெரியாது. நடுவில் மணற்பிட்டி இருந்தது. ஒரு வீட்டுக் கூரையளவு உயரம். மேலெல்லாம் தாழையும் அடம்பன் கொடியும். ஊரின் வீடுகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் ஒதுங்கி நின்றன. நானும் கடற்கரையில் பிறந்தவள்தான். ஆனால் என் ஊரில் வாசலில் நின்றே என்னைப் பெற்ற அப்புவின் வள்ளம் வருவதைப் பார்க்கலாம். இங்கே இரைச்சல் மட்டும் கேட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. முதல் புயல் வந்த அன்று என் கணவர் கடலில் இருந்தார். நான் பிட்டியில் ஏறப் போய் மூன்று தடவை காற்றில் விழுந்தேன். பக்கத்து வீட்டில் இருந்த மச்சாள், அவருடைய மூத்த அக்கா, என்னை இழுத்துக்கொண்டு போய்க் கோவிலில் இருத்தினார். விடியும்வரை அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவர் வந்துவிட்டார். ஊருக்குப் பின்னால் உப்புநீர் தேங்கிக் கிடக்கும் களப்பின் வாய்க்குள் ஒதுங்கித் தப்பியிருந்தார். ஆனால் அந்த ஓர் இரவு என்னை விட்டுப் போகவில்லை.

அந்தப் புயலில் எங்கள் வீட்டுக்கு நேரே பிட்டி உடைந்து போயிற்று. இரண்டு வள்ளங்கள் அருகருகே போகக்கூடிய அகலம். தாழைகள் வேரோடு போய், மணல் தரையோடு தரையாகக் கிடந்தது. ஆண்களுக்குச் சந்தோசம், வள்ளத்தைப் பிட்டியைச் சுற்றி இழுக்கத் தேவையில்லை. எனக்கு அதைவிடச் சந்தோசம். அடுப்படியில் குந்தியிருந்தபடியே கடல் தெரிந்தது.

மச்சாள் மட்டும் முகத்தைச் சுளித்தார். கணவனைக் காய்ச்சலில் பறிகொடுத்து, கருவாடு போட்டுத் தனியே பிழைத்தவர். ஒருநாள் காய்ந்த பனங்காவோலை கொண்டுவந்து அந்த இடைவெளிக்குக் குறுக்கே வேலி போல நட்டார்.

"காத்து மண்ணைக் கொண்டு வந்து இந்த ஓலையில கொட்டும், பிள்ளை. நாலு வருசம் போனால் பிட்டி தன்ரை பாட்டில எழும்பும்" என்றார்.

சொன்னது போலவே ஆயிற்று. இரண்டு மாதத்தில் மணல் முழங்காலளவு ஏறியது. அடுப்படியில் குந்தினால் கடல் மறைந்தது. ஒரு பகல், ஊரெல்லாம் கரையில் நின்ற நேரம், அந்த ஓலைகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்துச் சோறு காய்ச்சினேன். மணலையும் காலால் தள்ளி விட்டேன். மச்சாள் வந்து சாம்பலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி கேட்டால் மாடு இழுத்துப்போட்டுது எண்டு சொல்லு. நானும் அப்பிடியே சொல்லுறன்" என்றார்.

திட்டியிருந்தால் நானும் வாய்க்கு வாய் கொடுத்திருப்பேன். அவர் இரண்டாம் தடவையும் ஓலை நட்டார். அதையும் பிடுங்கினேன். அதன்பிறகு ஒரு தவக்காலம் முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. பிடிவாதத்தில் என்னை வெல்ல ஆளில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

மூன்றாம் வருட மாரியில் மற்றப் புயல் வந்தது. எங்கள் வள்ளம் ஓட்டையடைக்க அந்த இடைவெளியில்தான் ஏற்றிக் கிடந்தது. அவர் வேறொருவரின் வள்ளத்தில் காலையிலேயே போய்விட்டார். பத்து மணி இருக்கும், வானம் கறுத்துக் கோவில் மணி அடித்தது. மச்சாள் ஓடிவந்து என் இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கினார்.

"வா, கோவிலுக்குப் போவம்."

"பிள்ளையைக் கொண்டு போங்கோ, மச்சாள். அவர் வாறாரோ எண்டு பார்த்திட்டு வாறன்."

நான் இடைவெளிக்கு ஓடினேன். வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சண்டை போட்டுத் திறந்து வைத்த வாசல் அல்லவா, பார்க்க வேண்டிய நாள் அதுதானே. மழை வெள்ளை வெளேரென்று அடித்தது. கண்ணைத் திறந்தால் உப்பும் மணலும். பத்தடிக்கு அப்பால் கடலும் இல்லை, வானமும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. கால் முதலில் கணுக்காலளவு நனைந்தது. பிறகு முழங்கால்.

பின்னால் மச்சாளின் குரல் கேட்டது. பிள்ளையைக் கோவிலில் விட்டுவிட்டு எனக்காகத் திரும்பி வந்திருந்தார்.

"இஞ்ச நிண்டு என்னத்தைக் காணுறாய்?"

"ஒண்டும் தெரியேல்லை, மச்சாள்" என்றேன். அழுதேன்.

அவர் என் கையைப் பிடித்த அதே நேரம் கடல் உள்ளே வந்தது. அலையாக வரவில்லை, கடலே எழும்பி நடந்து வந்தது. இரண்டு பக்கமும் பிட்டி அதைத் தடுத்ததால் தண்ணீரெல்லாம் அந்த இடைவெளிக்குள் நெருக்கிப் புகுந்தது. வள்ளம் மிதந்து திரும்பியது. மச்சாள் என்னைத் தள்ளினார். நான் பிட்டியின் ஓரத்துத் தாழை வேரைப் பிடித்துக்கொண்டேன். வள்ளம் அவருடைய காலை இடைவெளியின் ஓரத்தில் நின்ற பனையோடு வைத்து நசுக்கியது.

அவர் கத்தவில்லை. "விடாத, வேரைப் பிடி" என்று மட்டும் சொன்னது கேட்டது.

எங்கள் இருவரையும் வந்து தூக்கியவர் என் கணவர்தான். வானம் கறுக்க முன்பே களப்புப் பக்கம் கரையேறி, பின்வழியாகக் கோவிலுக்குப் போய், பிள்ளையைக் கண்டு, என்னைத் தேடி வந்திருந்தார். நான் கடலைப் பார்த்து நின்ற நேரமெல்லாம் அவர் எனக்குப் பின்னால் தரையில் இருந்தார்.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தோம். பிட்டிக்குப் பின்னால் இருந்த வீடுகளில் கூரைதான் போயிருந்தது. இடைவெளிக்கு நேரே இருந்த எங்கள் வீடும் மச்சாளின் வீடும் இருந்த இடம் தெரியவில்லை. அதைச் செய்தது புயல் என்று ஊர் சொன்னது. பாதியைச் செய்தது நான் என்று எனக்கும் மச்சாளுக்கும் தெரியும்.

மச்சாளின் முறிந்த கால் பொருந்தியது, ஆனால் முழங்கால் பிறகு மடங்கவில்லை. அடுத்த மாதமே நான் காவோலை நட்டேன். ஒவ்வொரு வருடமும் நட்டேன். மணல் ஏறியது, அடம்பன் படர்ந்தது, பிட்டி பழைய உயரத்துக்கு வந்தது. மச்சாளால் அதில் ஏற முடியவில்லை. கரைக்குப் போய்த் தானே மீன் பொறுக்கி வந்தவர், பின்னேரங்களில் திரும்பக் கட்டிய வீட்டு வாசலில் காலை நீட்டி இருந்தார்.

நான் கரையிலிருந்து திரும்பும்போது தினமும் கேட்பார்.

"கடல் இண்டைக்கு எப்பிடி?"

நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வேன்.